நடுவரும் மாணவரே

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யு) மாணவர் சங்கத் தேர்தலை நடத்துவது நிர்வாகம் அல்ல, மாணவர்கள். வேட்புமனுப் பரிசீலனை, நடத்தை விதி, வாக்குச்சீட்டு, விடிய விடிய நீளும் எண்ணிக்கை எல்லாமே மாணவர்களால் ஆன தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. தலைவர், துணைத்தலைவர், பொதுச்செயலாளர், இணைச்செயலாளர் என நான்கு மையப் பதவிகள். ஒவ்வொரு புலத்துக்கும் கவுன்சிலர்கள். அந்தச் சங்கத்தின் வலுவும் நோயும் இந்த ஏற்பாட்டிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் கணிப்பு.

வலுவை முதலில் சொல்லிவிடலாம். பணம் அங்கே ஏறக்குறைய செல்லாக்காசு. கையால் எழுதிய சுவரொட்டி, உணவு முடிந்ததும் விடுதி மெஸ்ஸில் நடக்கும் கூட்டம், தலைவர் வேட்பாளர்களின் இரவு விவாதம் ஆகியவையே பிரச்சாரம். 2000இல் தலைவர் பதவி ஒரே வாக்கில் வலதுசாரி மாணவர் அமைப்பான ஏபிவிபி வசம் போனது. இடதுசாரிக் கோட்டை எனப் பெயரெடுத்த வளாகத்தில் அந்த முடிவு நின்றது என்றால், அது நடுவர்கள் மீதிருந்த நம்பிக்கையால்தான்.

வென்ற சங்கம் பேசத் தயங்கியதுமில்லை. 1977இல் சங்கத் தலைவர் சீதாராம் யெச்சூரி, இந்திரா காந்தியின் வீட்டு வாசலிலேயே அவரை வைத்துக்கொண்டு, பல்கலைக்கழக வேந்தர் பதவியிலிருந்து விலகக் கோரும் மனுவை வாசித்தார். இந்திரா விலகினார். (அந்த நிகழ்வின் புகைப்படத்தை யெச்சூரி மன்னிப்புக் கேட்ட காட்சியாக இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள்.) என் பார்வையில் இதைவிடப் பெரிய சாதனை வேறு. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோருக்குச் சேர்க்கையில் கூடுதல் மதிப்பெண் தரும் முறை 1983 கலவரத்தை அடுத்துக் கைவிடப்பட்டது. ஆண்டுதோறும் மாறும் நிர்வாகிகள் அந்தக் கோரிக்கையைக் கைமாற்றிக் கைமாற்றிச் சுமந்து 1990களில் மீட்டார்கள். புகைப்படம் கிடைக்காத வேலை அது.

இனி நோய். 2006இல் லிங்டோ குழு கல்லூரித் தேர்தல்களுக்கு விதி வகுத்தபோது, ஜேஎன்யு முறையைச் சிறிய வளாகங்களுக்கான முன்மாதிரியாகவே எடுத்துக்காட்டியது. ஆனால் அதே குழு ஆராய்ச்சி மாணவருக்கு 28 வயது வரம்பு, நிர்வாகியாக ஒரே ஒரு முறை போட்டியிடும் வாய்ப்பு எனக் கட்டுப்பாடுகளும் விதித்தது. ஆய்வாளர்கள் நிறைந்த ஜேஎன்யுவுக்கு அவை பொருந்தவில்லை. அவற்றைப் பின்பற்றாததால், முன்மாதிரியாகச் சொல்லப்பட்ட தேர்தலுக்கே 2008இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2012 வரை தேர்தல் இல்லை. 2019க்குப் பிறகு மறுபடி இடைவெளி, 2024 மார்ச் வரை. தானே எழுதிய விதியைத் தானே நடத்தும் அமைப்புக்கு வெளியிலிருந்து ஒரு கை தடுத்தால் மேல்முறையிட வளாகத்துக்குள் இடமில்லை. தேர்தலை நடத்தும் திறன் மாணவரிடம் இருந்தது; அதை அறிவிக்கும், அங்கீகரிக்கும் அதிகாரம் நிர்வாகத்திடம் தங்கிவிட்டது. சங்கத்தின் அரை நூற்றாண்டுப் போராட்டப் பட்டியலில் இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சி போதிய இடம் பெறவில்லை.

உள்ளேயும் கோளாறு உண்டு. இரவு விவாதம் நாவன்மைக்குப் பரிசளிக்கிறது. பாலஸ்தீனம் பற்றி இந்தியில் முழங்குபவருக்குக் கைதட்டல் உறுதி. உதவித்தொகை தாமதமாவதைத் திக்கித் திணறிச் சொல்லும் அறிவியல் புல ஆய்வாளருக்கு அது கிடைப்பதில்லை. அன்றாடக் குறைகளைக் கவுன்சிலர்கள் கவனித்துக்கொள்ளட்டும் என்பது வழக்கமான பதில். ஆனால் வளாகத்தின் கவனமெல்லாம் நான்கு மையப் பதவிகளில் குவிந்துகிடக்கிறது. அவற்றுக்கு நிற்பவர்களைப் பெரும்பாலும் தேசியக் கட்சிகளோடு ஒட்டிய அமைப்புகளே நிறுத்துகின்றன. டெல்லி அரசியலின் பகையும் அவர்களோடு உள்ளே வருகிறது.

2025 ஏப்ரலில் வன்முறையும் சேதப்படுத்தலும் நடந்ததால் மாணவர் ஆணையம் தேர்தல் பணியையே சில நாள் நிறுத்த வேண்டியிருந்தது. தடியோ காவலோ இல்லாத ஆணையம் அது. எல்லாத் தரப்பும் மதிக்கும்வரைதான் அதன் விசில் செல்லும். பிறகு வாக்குப்பதிவு நடந்தது. இடதுசாரி அணிகள் தமக்குள் பிரிந்து நின்றன. இருந்தும் தலைவர் பதவியைத் தக்கவைத்தன, ஏபிவிபி இணைச்செயலாளர் பதவியைப் பிடித்தது. எண்ணியவர்கள் அப்போதும் மாணவர்களே.