அந்த இன்னொரு படகு

1

ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' (1952) நாவலின் முதல் பக்கத்தில் ஒரு படகு வருகிறது, வந்த வேகத்திலேயே போய்விடுகிறது. சாந்தியாகோ கிழவனுக்கு 84 நாட்களாக மீன் படவில்லை. அவனுக்கு ராசியில்லை என்று முடிவுகட்டி, கூடப் போய்க்கொண்டிருந்த சிறுவனை அவனுடைய பெற்றோர் வேறொரு படகுக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்தப் படகு முதல் வாரமே மூன்று நல்ல மீன்களோடு திரும்புகிறது. அவ்வளவுதான். பிறகு நாவல் கிழவனோடு கிளம்பிவிடுகிறது. அந்த இன்னொரு படகில் யார் இருந்தார்கள், மூன்று மீனை எத்தனை பேர் பங்கிட்டார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

கேட்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. நான் வாசித்த ஆங்கில மீன்பிடி எழுத்தில் பெரும்பகுதி ஒரே இலக்கணத்தில் இயங்குகிறது: ஒரு ஆள், ஒரு தூண்டில், ஒரு மீன். நடுவில் கடல் ஒரு மேடை. தனிமை, பொறுமை, போராட்டம், அதன்பின் வெற்றி அல்லது மேன்மையான தோல்வி. இந்த இலக்கணம் மகத்தான படைப்புகளைத் தந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடலில் உண்மையில் நடப்பதில் பாதியை அது பார்வையிலிருந்து அகற்றிவிட்டது. அந்தப் பாதியை நான் பார்த்தது கலிஃபோர்னியாவில், ஒரு ராக்ஃபிஷ் படகில்.

2

சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஹாஃப் மூன் பே. அங்குள்ள பில்லர் பாயிண்ட் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் படகுகளை 'பார்ட்டி போட்' என்பார்கள். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், பாட்டும் கிடையாது கூத்தும் கிடையாது. முன்பின் தெரியாத இருபது முப்பது பேர் ஆளுக்கொரு டிக்கெட் எடுத்து ஏறும் பொதுப்படகு. எங்கள் படகில் 22 பேர். பேரனோடு வந்த வியட்நாமியத் தாத்தா, ஸ்பானிஷில் சிரித்துக்கொண்டே இருந்த நான்கு கட்டடத் தொழிலாளர்கள், ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்த ஒரு நர்ஸ், என்னைப்போல் வாரம் முழுக்கத் திரையைப் பார்க்கிற சிலர். எல்லோருக்கும் எண் எழுதிய ஒரு சாக்கு. பிடிக்கிற மீன் அதற்குள் போகும்.

கேப்டன் மைக்கில் "போடுங்க" என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஈயக்குண்டை இறக்க வேண்டும். 180 அடியில் பாறை. குண்டு தட்டியதும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பாறையில் சிக்கிக்கொள்ளும். "தூக்குங்க" என்றால் எல்லோரும் சுற்ற வேண்டும். படகு நகர்ந்து அடுத்த பாறைக்குப் போகும். காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்போது எதிர்ப்பக்கத்து ஆட்களின் நரம்பு படகுக்கு அடியில் போய் இந்தப் பக்கத்து நரம்போடு பின்னிக்கொள்ளும். டெக்ஹேண்ட் பையன் வந்து பிரித்துவிடுவான், முடியாவிட்டால் வெட்டிவிடுவான். நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள்.

என்னோடு வந்த தூத்துக்குடி நண்பன் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஏல, இது என்ன மீன்பிடியா? ரேஷன் கடை கியூ மாதிரில்லா இருக்கு."

கேலியாகத்தான் சொன்னான். ஆனால் இதைவிடத் துல்லியமான விமர்சனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை. அது ரேஷனேதான். கலிஃபோர்னியாவில் ராக்ஃபிஷ் வகைகளுக்கு ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்தம் 10. அதற்குள்ளும் சில இனங்களுக்குத் தனி வரம்பு. குவில்பேக், மஞ்சள்கண் இரண்டையும் தொடவே கூடாது. ஆக ஒவ்வொரு மீனும் மேலே வரும்போது முதல் கேள்வி 'எவ்வளவு பெரிசு' அல்ல, 'இது யாரு' என்பது.

அந்தச் சட்டத்திலேயே 'படகு வரம்பு' என்று ஒன்று உண்டு. படகில் மீன் பிடிக்க அனுமதி பெற்ற ஆட்களின் எண்ணிக்கையைத் தனிநபர் வரம்பால் பெருக்கினால் வருவது அது. 22 பேர் என்றால் 220. அந்த மொத்தம் நிறையும்வரை எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கலாம். தன் பத்தைப் பிடித்து முடித்தவர் கம்பைச் சுருட்டத் தேவையில்லை, பிடிக்காதவருக்காகப் பிடிக்கலாம். அன்றைக்கு நான் பிடித்தது ஆறு. வியட்நாமியத் தாத்தா பதினைந்துக்கு மேல். கரைக்கு வரும்போது என் சாக்கில் பத்து இருந்தன. அவற்றில் எந்த நான்கு அவருடையவை என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. 'யாருடைய மீன்' என்ற கேள்வியே சட்டத்தின் ஒரு பத்தியில் கரைந்துபோகிறது. சாந்தியாகோவின் கதை முழுக்க அந்தக் கேள்வியின் மேல்தானே நிற்கிறது?

3

இன்னொரு பக்கம் மீன். நாயகக் கதைகளுக்குப் பெரிய மீன் வேண்டும். கிழவனின் மார்லின் 18 அடி. ராக்ஃபிஷ் படகிலும் இதன் சின்ன வடிவம் உண்டு: ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, நாளின் பெரிய மீனைப் பிடித்தவருக்கு மொத்தத்தையும் கொடுக்கும் 'ஜாக்பாட்'.

ஆனால் ராக்ஃபிஷ் உலகில் பெரியது என்றால் பெரும்பாலும் வயதானது. மஞ்சள்கண் நூறு வயதைத் தாண்டும். ரஃப்ஐ என்ற இனத்தில் 205 வயது பதிவாகியிருக்கிறது. இவை முட்டையிடுவதில்லை, குஞ்சுகளை உயிரோடு ஈனுகின்றன. கருப்பு ராக்ஃபிஷை வைத்துச் செய்த ஆய்வுகளில், வயதான தாய்களின் குஞ்சுகள் பட்டினியை அதிகம் தாங்கின, வேகமாக வளர்ந்தன. ஆக நாம் பரிசு கொடுத்துத் தூக்குவது கடலின் கிழவிகளை. ஜாக்பாட்டும் நாயகக் கதையும் ஒரே ரசனையின் இரண்டு முகங்கள்.

அப்படியானால் விட்டுவிடலாமே? எலிசபெத் பிஷப்பின் 'மீன்' (1940) என்ற புகழ்பெற்ற கவிதை அதைத்தான் செய்கிறது. வாடகைப் படகில் ஒருவர் பெரிய மீனைப் பிடிக்கிறார். அதன் உதட்டில் பழைய ஐந்து தூண்டில் முட்கள் தொங்குவதைப் பார்க்கிறார், விட்டுவிடுகிறார். எனக்கு மிகப் பிடித்த கவிதை. ஆனால் 180 அடியில் அது வேலைக்காகாது. அங்கே அழுத்தம் மேற்பரப்பைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். ராக்ஃபிஷின் காற்றுப்பை மூடியது, மேலே வரவர உள்ளிருக்கும் வாயு விரிந்துகொண்டே போகும். கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழியே வெளித்தள்ளிய நிலையில்தான் மீன் வந்து சேரும். அப்படியே நீரில் விட்டால் அடியில் போகமுடியாமல் மிதக்கும், கடற்காகம் கொத்தும்.

அதற்கு ஒரு கருவி இருக்கிறது. மீனின் உதட்டைக் கவ்வும் ஒரு கிளிப், கீழே கனமான ஈயம். தூண்டிலில் மாட்டி மீனை வந்த வழியே திரும்ப இறக்க வேண்டும். குறிப்பிட்ட ஆழத்தில் கிளிப் தானாகத் திறந்துகொள்ளும். அன்று டெக்ஹேண்ட் ஒரு மஞ்சள்கண்ணை அப்படி இறக்கினான். பிடித்தவர், கம்பை வாங்கியவர், பக்கத்தில் நரம்பை ஒதுக்கிக்கொடுத்த இருவர் என நான்கு பேருக்கு ஒரு நிமிஷ வேலை. அந்த மீனுக்குத் தேவைப்பட்டது கருணையோடு சேர்ந்த கொஞ்சம் இயற்பியலும், இடம்விட்டுக் கொடுக்கும் மனிதர்களும்.

4

பொதுப்படகைப் பற்றி நல்ல புத்தகமே இல்லையா? ஒன்று இருக்கிறது. 1940 மார்ச்சில் ஜான் ஸ்டைன்பெக்கும் கடலியலாளர் எட் ரிக்கெட்ஸும் மான்டெரேயில் 'வெஸ்டர்ன் ஃபிளையர்' என்ற மத்தி மீன்படகை வாடகைக்கு எடுத்து, சுமார் ஆறு வாரம் கலிஃபோர்னியா வளைகுடாவில் கடலுயிர்களைச் சேகரித்தார்கள். அந்தப் பயணக் குறிப்பின் பெரும்பகுதி 'நாங்கள்' என்றே பேசுகிறது. மாலுமிகளின் சண்டை, சமையல் முறை, மக்கர் பண்ணும் சிறு எஞ்சின் எல்லாம் வருகின்றன. நான் தேடிய இலக்கணம் கிட்டத்தட்ட அங்கே இருக்கிறது.

ஆனால் அந்தப் படகில் ஸ்டைன்பெக்கின் மனைவி கரோலும் இருந்தார், புத்தகத்தில் அவர் இல்லை. 1941இல் இருவர் பெயரில் வந்த நூல், ரிக்கெட்ஸ் இறந்தபின் 1951இல் 'கோர்டெஸ் கடலின் குறிப்பேடு' என்று மறுபடி வந்தபோது ஸ்டைன்பெக் பெயரில் மட்டும் வந்தது, அதன் அடிப்படைகளில் ஒன்று ரிக்கெட்ஸின் நாட்குறிப்பு என்றபோதும். 'நாங்கள்' மெல்லமெல்ல 'நான்' ஆகிவிட்டது. அந்த ஈர்ப்பு அவ்வளவு வலுவானது.

தமிழில் நிலைமை வேறு. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) ஒரு நாயகனை நம்பி நிற்பதில்லை, ஒரு கரையே தலைமுறைகளாக அதில் பேசுகிறது. படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு என்று பாடு பிரிக்கப்படும் கரையில் தனிமனித வெற்றி என்ற கதை எளிதில் எடுபடாதுதான்.

பொதுப்படகைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. 'பிறருக்காகப் பிடிப்பது' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அதன் இன்னொரு அர்த்தம், யார் சோர்ந்தாலும் 220 நிறைந்தே தீரும் என்பது. எண்ணிப் பிடிக்கும் ஒழுக்கமும் யாருக்கும் இயல்பாக வந்ததல்ல. அமெரிக்க மேற்குக் கரையின் அடிமட்ட மீன்பிடி 2000இல் அரசால் பேரிடர் என்று அறிவிக்கப்பட்டது. 2002 முதல் பெரும் கடற்பரப்புகள் மூடப்பட்டன. கேனரி ராக்ஃபிஷ் 2015இலும், பொக்காச்சியோ 2017இலும், கௌகாட் 2019இலும் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் ஆண்டுக்கணக்கில் ஓர் இடத்தில் தூண்டில் *போடாமல்* இருந்ததன் விளைவு இது. பலருக்கு வருமானம் போனது. மீன்பிடி வரலாற்றின் பெரிய சாகசங்களில் ஒன்று இது, ஆனால் இதில் போராட்டக் காட்சி ஒன்றுகூட இல்லை. அதனால்தான் நம் கதை இலக்கணத்துக்குள் அது நுழையவே மாட்டேன் என்கிறது.

கதை மாறினால் கடல் பிழைக்கும் என்றெல்லாம் சொல்லவில்லை. சட்டமும் கணக்கும்தான் அதைக் காத்தன. ஆனால் எதைப் பெருமையாக நினைக்கிறோம், எதைப் படம் எடுத்து அனுப்புகிறோம் என்பதைக் கதைகள்தான் தீர்மானிக்கின்றன. மஞ்சள்கண் இன்னும் முழுதாக மீளவில்லை. தடை வந்த காலத்தில் பிறந்த ஒரு மஞ்சள்கண், விட்டுவைத்தால், 2100ஐயும் பார்க்கலாம். அதற்குள் அந்தப் பாறைக்கு மேலே எத்தனையோ படகுகள், எத்தனையோ 22 பேர் வந்து போவார்கள். அந்த மீனின் கதையை எழுத ஒரு கிழவன் போதாது.