சராசரி மனிதனின் விகுதி

1945 செப்டம்பரில் அமெரிக்காவின் க்ளீவ்லாந்து நகரத்து நாளிதழ் ஒன்று பெண்களுக்கு ஒரு போட்டி வைத்தது. நார்மா என்ற சிலையைப் போன்ற உடல் யாருக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் போட்டி. மகப்பேறு மருத்துவர் ராபர்ட் டிக்கின்சனும் சிற்பி ஏப்ரம் பெல்ஸ்கியும் சேர்ந்து செய்த சிலை அது. சுமார் 15,000 இளம்பெண்களின் உடல் அளவுகளைக் கூட்டி வகுத்து, கிடைத்த சராசரியை வெள்ளைச் சிலையாக்கியிருந்தார்கள். நார்மன் என்று ஓர் ஆண் சிலையும் உண்டு. ஆனால் நகரம் தேடியது நார்மாவைத்தான். உயரம், எடை, மார்பு, இடை, இடுப்பு, தொடை, கெண்டைக்கால், கணுக்கால், பாதம் என்று ஒன்பது அளவுகள். 3,864 பெண்கள் எழுதி அனுப்பினார்கள். ஒன்பதிலும் பொருந்தியவர் ஒருவர்கூட இல்லை. ஓரளவு நெருங்கி வந்த, திரையரங்கில் டிக்கெட் விற்கும் ஓர் இளம்பெண்ணுக்குப் பரிசு போனது.

சராசரி என்ற ஒன்றைச் செய்துவிட்டு, அந்தச் சராசரியாக இருக்கும் பெண்ணைத் தேடினால் ஆள் கிடைக்கவில்லை. கோளாறு சிலையில் இருக்கிறது என்று முடிவு கட்டியிருக்கலாம். அன்றைய மருத்துவர்களிலும் உடற்பயிற்சி வல்லுநர்களிலும் பலர் சொன்னது வேறு: பெண்கள் உடலைப் பேணுவதில்லை.

சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இந்தக் கதையை இப்போது சொல்கிறார்கள். எனக்கு அதில் உறுத்துவது இன்னொன்று. அந்த அளவுகளுக்கு முதன்மையான ஊற்று, அமெரிக்க வேளாண் துறையின் மனையியல் பிரிவு 1939-40இல் நடத்திய கணக்கெடுப்பு. ஆயத்த ஆடைகளுக்கு அளவு நிர்ணயிப்பதற்காக ஒரு பெண்ணுக்கு 59 வீதம் எடுக்கப்பட்ட அளவுகள். வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. இனமேம்பாட்டுவாதத்தில் நம்பிக்கை கொண்டிருந்த டிக்கின்சனுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்திருக்காது. ஆக, பெண்ணுடலை அளக்க அரசுக்குப் பணம் இருந்தது, ஆள் இருந்தது, நாடா இருந்தது. துணி விற்க அளந்தார்கள். சிலை வடிக்க அதை எடுத்துக்கொண்டார்கள். போட்டி நடத்தினார்கள்.

தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவளுக்கு இது புதிதல்ல. பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று அடியிலிருந்து முடிவரைக்கும் முடியிலிருந்து அடிவரைக்கும் ஓர் உறுப்பு விடாமல் பாடிய மரபு நம்முடையது. தெய்வங்களுக்கும் அப்படிப் பாடியிருக்கிறார்கள்தான். ஆனாலும் பெண்ணைப் பாடும்போது அது பார்ப்பவன் கண்ணின் பயணம். இடை எவ்வளவு மெலிது என்று சொல்ல நூறு உவமைகள் உண்டு. அந்த இடையில் குடம் ஏறும்போது முதுகு என்ன ஆகும் என்று சொல்ல அவ்வளவு இல்லை. பெண்ணுடல் அளக்கப்படாத உடல் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மிக அதிகம் அளக்கப்பட்ட உடல் அது. எதற்காக அளந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இயந்திரப் பொறியியலுக்கு வருவோம். மனையியல் பிரிவின் அளவுகள் அச்சில் வந்தது 1941இல். 35 ஆண்டுகள் கழித்து, 1976இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஹைப்ரிட் 3 என்ற மோதல் சோதனைப் பொம்மையைக் கொண்டுவந்தது. உயரம் ஏறக்குறைய 175 செ.மீ., எடை 78 கிலோ. நடுத்தர அமெரிக்க ஆண். உலகம் முழுக்கக் கார்களின் சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் ஸ்டியரிங்கும் இந்த ஆளின் மார்பையும் கழுத்தையும் காப்பாற்றப் பழகிக்கொண்டன. பின்னால் ஒரு பெண் பொம்மையும் வந்தது: ஏறக்குறைய 150 செ.மீ., 49 கிலோ. பெண்களிலேயே மிகச் சிறிய ஐந்து சதவீதத்தினரின் எல்லையில் நிற்கும் உடல். அதுவும் பெண்ணைப் பார்த்துச் செய்தது அல்ல, ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்தது. அமெரிக்கத் தரமதிப்பீட்டின் நேர்முக மோதல் சோதனையில் அவளை உட்கார வைத்த இடம் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை.

1998 முதல் 2008 வரையான அமெரிக்க விபத்துத் தரவுகளை வைத்து 2011இல் வந்த ஓர் ஆய்வு, சீட் பெல்ட் போட்ட பெண் ஓட்டுநர் கடுமையாகக் காயமடையும் வாய்ப்பு விகிதம், அதே வகை விபத்தில் சிக்கிய ஆணுக்கு இருப்பதைவிட 47 சதவீதம் அதிகம் என்றது. மேடைகளில் இந்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். 2021இல் அந்த நாட்டின் காப்பீட்டுத் துறை சார்ந்த நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் வேறொரு கணக்குப் போட்டது: பெண்கள் சிறிய, எடை குறைந்த கார்களை ஓட்டுவதும், மோதியவராக அல்லாமல் மோதப்பட்டவராக இருப்பதும் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம். அப்படிக் கழித்த பிறகும் கால் காயங்கள் பெண்களுக்கே கூடுதலாக இருந்தன. இந்த மறுப்பை மறைக்க வேண்டியதில்லை. சிறிய கார் யாருக்கு வாய்க்கிறது என்பதும் பெண்ணியத்துக்குள் வருகிற கேள்விதானே.

ஏர்பேக் ஆய்வுகளில் ஒரு சொல் புழங்குகிறது. ஸ்டியரிங்குக்கு மிக அருகில் இருப்பவர் 'இடம் பிசகியவர்'. குள்ளமான பெண் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டால் அவளும் இதில் சேர்ந்துவிடுகிறாள். பெடல் எட்ட வேண்டுமே! எட்டும் இடத்தில் உட்கார்ந்தவளை இடம் பிசகியவள் என்று சொல்ல, சரியான இடம் ஒன்று முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும்.

அதைத் தீர்மானித்த கணக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. பெல்ஜியத்தின் அடால்ஃப் கெத்லே வானியலாளர். ஒரு விண்மீனின் இடத்தைப் பலமுறை அளந்தால் ஒவ்வொரு முறையும் சற்று மாறி வரும். சராசரியே உண்மையான இடத்துக்கு நெருக்கம், மற்றவை அளந்தவரின் பிழை. இந்த முறையை அவர் மனிதர்கள்மேல் வைத்தார். 1835இல் வெளியான நூலில் சராசரி மனிதன் பிறந்தான். 1846இல் 5,738 ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மார்புச் சுற்றளவை வரிசைப்படுத்திக் காட்டினார். விண்மீன் ஒன்றுதான், அளவுகள் பல. ஆனால் 5,738 மார்புகள் 5,738 ஆட்களுடையவை. அவர்களை ஒரே மூலப்படிவத்தின் பிழையான நகல்களாகப் பார்க்கத் தொடங்கியதுதான் பெரிய தாவல். அழகின் இலக்கணமும் அந்தச் சராசரியே என்று அவர் கருதினார். கலைஞர்களுக்கும் அதையே முன்வைத்தார். நார்மாவும் நார்மனும் அவருக்குப் பேரப்பிள்ளைகள்.

அவருடைய சொல்லைத் தமிழாக்கச் சொன்னால் மாணவிகள் தயங்காமல் 'சராசரி மனிதன்' என்று எழுதுவார்கள். னகர ஒற்று ஆணைக் காட்டும், ளகர ஒற்று பெண்ணைக் காட்டும், ரகர ஒற்று பலரைக் காட்டும் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஆணுக்கும் மனித குலத்துக்கும் ஒரே சொல் இருப்பதால் ஒளிந்து நிற்கிறவன், தமிழில் விகுதியாக வெளியே வந்துவிடுகிறான். ராணுவத்தில் அளந்த மார்புகளுக்கு அந்த விகுதி பொருத்தமானதுதான். எல்லாருக்கும் அதையே ஒட்டியதுதான் வழு.

விலங்குகளிடம் இந்தச் சிக்கல் இல்லை என்று இலக்கணம் சொல்லும். எலி ஓடியது. ஆணா பெண்ணா என்று வினைமுற்று சொல்லாது. அஃறிணைக்கு ஒன்றும் பலவும்தான். ஆய்வுக்கூடத்து எலியும் ஆய்வேட்டில் இப்படித்தான் பல காலம் ஓடியது. பால் குறிப்பிடாத கட்டுரைகள் ஏராளம். குறிப்பிட்டவற்றைப் பியரியும் ஸக்கரும் எண்ணிப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். பத்து உயிரியல் துறைகளில் எட்டில் ஆண் விலங்குகளின் பக்கம் சாய்வு. நரம்பியலில் பெண் விலங்கை மட்டும் வைத்த ஆய்வு ஒன்றுக்கு ஆணை மட்டும் வைத்த ஆய்வு 5.5. சொல்லப்பட்ட காரணம்: பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கொரு முறை ஹார்மோன் சுழற்சி உண்டு, அது முடிவுகளைக் கலைத்துவிடும்.

கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. 2014இல் ஸக்கரும் கூட்டாளிகளும் 293 கட்டுரைகளை எடுத்துச் சரிபார்த்தார்கள். சுழற்சியைக் கண்டுகொள்ளாமல் சோதித்தபோதும் பெண் எலிகளின் முடிவுகள் ஆண் எலிகளுடையதைவிட அதிகம் சிதறவில்லை. கூண்டில் கூட்டமாக வைத்தால் ஆண் எலிகளுக்குள் யார் பெரியவன் என்ற சண்டை வருகிறது; அடித்தவனுக்கும் அடிவாங்கியவனுக்கும் ஹார்மோன் மாறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை யாரும் இரைச்சல் என்று ஒதுக்கவில்லை. அது எலியின் இயல்பு, அவ்வளவுதான்! அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் தம்மிடம் நிதி கேட்பவர்கள் இரு பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தது 2016இல்.

எலியிலிருந்து காருக்கு ஒரு நேர்வழியும் இருக்கிறது. ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்றது. 2013இல்தான் பெண்களுக்கான அளவு 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. பெண்ணுடலில் அது மெதுவாக வெளியேறுகிறது. மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் இரத்தத்தில் மிச்சம் இருக்கிறது. இரண்டு சராசரிகள் சந்திக்கும் இடத்தில், தனக்குச் செய்யப்படாத இருக்கையில், தனக்கு அளக்கப்படாத மருந்தோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

இவற்றில் பலவற்றைப் பொதுவாசகரிடம் கொண்டு சேர்த்தது கரோலின் கிரியாடோ பெரெஸின் 'இன்விசிபிள் விமன்' (2019). மாணவிகள் படிக்க வேண்டிய நூல். எனக்கு அதோடு உள்ள வழக்கு அதன் மையச் சொல்லான 'தரவு இடைவெளி'யோடுதான். இடைவெளி என்றால் யாரோ மறந்துவிட்டது போலவும், நிரப்பினால் தீர்ந்துவிடும் போலவும் ஒலிக்கிறது. 1941இல் இடைவெளி இல்லை. 15,000 பெண்கள், தலைக்கு 59 அளவுகள். நிரம்பி வழிந்த அந்தத் தரவிலிருந்து பிறந்தது ஒரு சிலை. ஓர் இருக்கை அல்ல.

ஒப்பிட ஆண்களின் கதை ஒன்று இருக்கிறது. 1950இல் அமெரிக்க விமானப் படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி, 4,063 விமானிகளின் பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு எத்தனை பேர் பத்திலும் சராசரி என்று பார்த்தார். ஒருவரும் இல்லை. மூன்று அளவுகளில் பார்த்தாலும் 3.5 சதவீதத்துக்குக் குறைவு. விமானிகள் உடலைப் பேணுவதில்லை என்று யாரும் எழுதவில்லை. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தவும் பெடலை மாற்றவும் தலைக்கவச வாரைச் சுருக்கவும் வழி செய்தார்கள். ஐந்தே ஆண்டு இடைவெளி. ஒரே நாடு, ஒரே கணக்கு, ஒரே விடை.

அதனால் 2022இல் ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழு, 162 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட, பெண்ணின் அளவுகளிலேயே செய்த பொம்மையைக் காட்டியபோது எனக்கு மகிழ்ச்சியும் ஒரு சந்தேகமும் சேர்ந்தே வந்தன. பின்னாலிருந்து மோதும்போது கழுத்தில் ஏற்படும் காயத்தை ஆராய அது இன்றியமையாதது. அவ்வகைக் காயம் பெண்களுக்கே அதிகம். ஆனால் அவளும் ஒற்றைப் பெண். 40 கிலோ பெண்ணும் 90 கிலோ பெண்ணும் எட்டு மாதக் கர்ப்பிணியும் அவளுக்கு முன்னால் மறுபடி நார்மா போட்டியில் நிற்கக் கூடாது. புள்ளியியலிலேயே இதற்குக் கருவி உண்டு. சராசரியோடு கூடவே கற்பிக்கப்படும் பரவலும் திட்டவிலக்கமும்தான். ஒருமையை விட்டு ரகர விகுதிக்குப் போவது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

பெண்ணின் உடலையும் உடையையும் இயந்திரம் நினைத்துப் பார்த்த இடம் ஒன்று நம் தெருவிலும் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பைக்கின் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கின்றன, பின்னால் அமர்பவரின் உடை சிக்காமல் இருக்க. சாரி கார்டு என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். சேலையை மாற்றச் சொல்லாமல் சக்கரத்தை மூடிய பொறியியல் இது. அந்த வகையில் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் விதி நினைத்துப் பார்த்தது பின்னால் அமர்பவரை மட்டும். இப்போது கைப்பிடியைப் பிடித்திருப்பவர்களும் பெண்கள்தான். வண்டியைக் கிளப்புமுன் துப்பட்டாவை இழுத்து இடுப்போடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள்.