கருவின் பொதுமையும் படைப்பின் உரிமையும்: ஒரு திரைப்படமும் ஒரு வீடியோ விளையாட்டும்

ஒரு படைப்பு இன்னொன்றைப் பெரிதும் ஒத்திருக்குமிடத்து, அதனைத் திருட்டென்பதா, மரபின் தொடர்ச்சியென்பதா என்ற வினா திறனாய்வுக்குப் புதியதன்று. வழிநூல் முதனூலோடு ஒத்தும், தனக்கெனச் சில வேறுபாடுகள் கொண்டும் அமையும் என்றனர் நம் இலக்கண நூலார். அவர்கள் நோக்கியது அறிவு வளரும் முறையை. பதிப்புரிமைச் சட்டம் நோக்குவதோ உடைமையை. இவ்விரு நோக்குகளும் எங்கு ஒன்றுபடுகின்றன, எங்கு முரண்படுகின்றன என்பதை 2008இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்த்த வழக்கினைக்கொண்டு ஆராயலாம்.

ஜோர்ஜ் ரொமேரோவின் ‘டோன் ஒவ் த டெட்’ (1978) திரைப்படத்தில், நடமாடும் பிணங்களுக்கு அஞ்சிய நால்வர் ஹெலிகொப்டரில் தப்பிவந்து பெரும் அங்காடித் தொகுதியொன்றில் அடைக்கலம் புகுகின்றனர். பிணங்களும் பழக்கத்தினால் அங்கேயே வந்து குவிகின்றன. நுகர்வுப் பண்பாட்டின் மீதான கூரிய அங்கதம் இது. 2006இல் ஜப்பானிய நிறுவனமான கப்கொம் வெளியிட்ட ‘டெட் ரைசிங்’ விளையாட்டிலும் ஹெலிகொப்டர் உண்டு, அங்காடித் தொகுதி உண்டு, பிணக்கூட்டமும் உண்டு. திரைப்படத்தோடு தனக்குத் தொடர்பில்லை என்ற அறிவித்தலை அதன் உறையிலேயே பொறிக்க நேர்ந்தமை, ஒப்புமையின் அளவைக் காட்டப் போதுமானது.

திரைப்படத்தின் உரிமையைக் கொண்டிருந்த எம்.கே.ஆர். குழுமம் உரிமை மீறல் எனக் குற்றஞ்சாட்டியது. கதைப்பின்னல், பாத்திரங்கள், உரையாடல், களம், உணர்வுநிலை, நிகழ்ச்சிகளின் வரன்முறை என்பனவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்ட நீதிமன்றம், அக்குற்றச்சாட்டினைத் தள்ளுபடி செய்தது. அங்காடியில் மனிதர் நடமாடும் பிணங்களோடு போராடுதல் என்பது வெறுங்கருத்து. கருத்தினை எவரும் உடைமையாக்கவியலாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இம்முடிவு வரவேற்கத்தக்கது. ஏனெனில், கருவுக்கு உரிமை கோருவோர் அக்கருவை எங்கிருந்து பெற்றனர் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. ‘சொம்பி’ ஹெயிட்டித் தீவின் மக்களது நம்பிக்கையில் உருவானது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்தோரின் வழித்தோன்றல்கள், செத்த பின்னும் ஓய்வின்றி உழைக்கவேண்டி வருமோ என்று கொண்ட அச்சமே அதில் உருப்பெற்றது. அம்மக்களுக்கு எந்தச் சட்டமும் உரிமை வழங்கவில்லை. மேலும், ரொமேரோவின் முதற்படமான ‘நைட் ஒவ் த லிவிங் டெட்’ (1968), தலைப்பு மாற்றப்பட்டபோது உரிமைக் குறிப்பு விடுபட்டமையால், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பொதுவுடைமையாயிற்று. அவ்வகைப் படங்கள் பல்கிப் பெருகியமைக்கு இத்தவறும் ஒரு காரணம் எனலாம். பொதுக் கிணற்றில் நீரெடுத்தவர் அக்கிணற்றுக்கு வேலியடைத்தல் முறையாகாது.

ஆயினும் தீர்ப்பின் முறையியல் திறனாய்வாளனுக்கு நிறைவளிப்பதன்று. திரைப்படத்தின் மையம் நுகர்வு பற்றிய சமூக விமர்சனம் என்றும், விளையாட்டின் மையம் போரே என்றும் நீதிமன்றம் வேறுபடுத்திற்று. ஆனால் விளையாட்டின் கதையை முழுமையாக நோக்குமிடத்து வேறொன்று புலப்படும். அமெரிக்கரின் இறைச்சித் தேவைக்காகக் கால்நடைகளைப் பெருந்தொகையில் உற்பத்தி செய்ய மத்திய அமெரிக்கக் கிராமமொன்றில் நடத்தப்பட்ட ஆய்வே, அக்கதையில் நோய்க்குக் காரணம். கிராமம் அழிக்கப்படுகிறது, உண்மை மறைக்கப்படுகிறது, தப்பிய ஒருவன் பழிவாங்கப் புறப்படுகிறான். ரொமேரோ நுகர்வோனைக் காட்டினார். விளையாட்டோ அந்நுகர்வுக்கு விலைகொடுத்த தொலைநாட்டு மக்களைச் சுட்டுகிறது. வழிநூலுக்குரிய வேறுபாடு இதுவே.

எனினும் இவ்விமர்சனம் விளையாட்டில் முழுமை பெறவில்லை. ஆயிரக்கணக்கான பிணங்களை விதவிதமாக வீழ்த்துவதிலும், அவலத்தைப் புகைப்படமெடுத்துப் புள்ளிகள் ஈட்டுவதிலும் ஆடுவோனின் கவனம் கரைந்துவிடுகிறது. உள்ளடக்கம் கண்டிப்பதை உருவம் கொண்டாடுகின்றது. இம்முரண்பாட்டை எந்த நீதிமன்றமும் விசாரிக்காது, விசாரிக்கவும் வேண்டியதில்லை. எது எவருக்குச் சொந்தம் என்பதோடு சட்டத்தின் பணி முடிகிறது. எடுத்துக்கொண்ட கருவைப் படைப்பு எதற்குப் பயன்படுத்தியது, யார் பக்கம் நின்றது என்ற வினாக்கள் திறனாய்வுக்குரியன. அவற்றையும் வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருத்தல் ஆகாது.