பனிக்குப் பூக்கும் பந்தல்

ஆடியில் ஊன்றிய கொடி அவரை ஐப்பசி வரை இலையைத் தவிர எதையும் காட்டாது. பந்தல் முழுக்கப் பச்சை மூடிக் கிடக்கும், ஒரு மொட்டு இருக்காது. சத்து போதவில்லை என்று எருவைக் கொட்டுகிறவர்கள் உண்டு. கொடி இன்னும் கொழுக்கும், அவ்வளவுதான். அவரை பார்த்துக்கொண்டிருப்பது பொழுதை. பகல் குறுகி இரவு நீண்டால்தான் பூக்கும். குறுந்தொகையில் கடுவன் மள்ளனார், தினைத் தாளில் படர்ந்த அவரை பூப்பதைத்தான் பனிக்காலத்துக்கு அடையாளமாகச் சொல்கிறார். கொடியைக் கூர்ந்து பார்த்த மனிதர்.

பருவம் பாராமல் காய்க்கும் குத்து அவரை ரகங்களைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் தந்திருக்கிறது. மாடித் தொட்டிக்கு அவை போதும், குறை சொல்லமாட்டேன். ஆனால் அவரை வளர்ப்பதன் ருசி பந்தலில்தான் இருக்கிறது. தளிர் நுனி கொம்பு தேடி இடஞ்சுழியாக வட்டமிடும். வலப்பக்கமாகச் சுற்றிவிட்டுப் பாருங்கள், பிரிந்துகொண்டு தன் வழிக்கே போகும்.

கார்த்திகை வாக்கில் பூந்தண்டுகள் இலைக்கு மேலே நிமிரும். ஒரே தண்டில் அடியில் பிஞ்சு, நடுவில் ஊதாப் பூ, நுனியில் மொட்டு. அதனால் பறிப்பதில் பதம் வேண்டும். தண்டை ஒடிக்காமல் காயை மட்டும் கிள்ளினால் அதே தண்டு மறுபடியும் பூக்கும். அவசரக்காரர்கள் கொத்தோடு முறித்து அடுத்த வாரக் காயையும் சேர்த்துக் கொண்டுபோகிறார்கள். காயைத் தடவும்போது விதையின் மேடு தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். பறித்த விரலில் பிசுபிசுப்பும் ஒரு பச்சை வாசமும் ஒட்டும். கடைக் காயில் அந்த வாசம் பாதி போயிருக்கும்.

மார்கழியில் அசுவினிப் பூச்சி வரும். இளந்தண்டில் கறுப்பாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். எறும்பு வரிசையாக ஏறினால் வந்துவிட்டது என்று அர்த்தம். பனி காயும் முன்னே அடுப்புச் சாம்பலைத் தூவினால் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். வெயில் ஏறியபின் தூவுவது வீண் வேலை.

சமையலுக்கு அதிகம் வேண்டாம். இரண்டு ஓரத்திலும் நாரை உரித்து, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்து, மூடாமல் வேகவைத்து, தேங்காய்த்துருவல் தூவினால் போதும். கண்ணுக்குத் தப்பி முற்றியதை உரித்துக் கொட்டையைக் குழம்பில் போடலாம். பிஞ்சு அவரைப் பொரியலில் வெங்காயம் போடுகிறவர்களோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகாது.