வில்லுப்பாட்டு வீடியோவை எப்படிப் பார்ப்பது?

தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் (குலசை) முத்தாரம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. காளி வேஷத்தைப் படம் எடுப்பார்கள், தாரை தப்பட்டைக்கு ஆடுவார்கள், சூரசம்ஹாரம் முடிந்ததும் கடற்கரையிலிருந்து நேரே பஸ் ஏறிவிடுவார்கள். அதே முத்தாரம்மன் கதையைத் தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களான கொடைகளில் விடிய விடிய வில்லில் பாடுகிறார்களே, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. கேட்டால், "நீளம், புரியாது." சரி, யூடியூபில் முழு இரவுப் பதிவுகளே கிடக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து பழகுங்கள்.

அடிப்படை கொஞ்சம்தான். மணி கட்டிய வில், நாணைத் தட்ட வீசுகோல், கூடவே குடம், உடுக்கை, தாளம், கட்டை. நடுவில் தலைமைப் பாடகரான அண்ணாவி, சுற்றிலும் பக்கப்பாட்டுக்காரர்கள். முதலில் கடவுள் வாழ்த்தான காப்பு, பிறகு கதை. சுடலைமாடன், இசக்கி, முத்துப்பட்டன் கதைகளை முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள். முடிவு தெரிந்து கேட்கிற கலை இது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அண்ணாவியைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். பின்பாட்டில் இரண்டு வகை. ஒன்று ஒத்துப் பாடுவது: அண்ணாவி விட்ட அடியை அப்படியே திருப்பிச் சொல்வது. மற்றது பதில் கொடுப்பது. முதல் வகையை எந்தக் குழுவும் செய்யும். இரண்டாவதில்தான் வில்லே இருக்கிறது. முத்துப்பட்டன் மாடு மீட்கப் போகிற இடம் வரட்டும். அதுவரை முழு அடியைத் திருப்பிச் சொன்னவர் பாதி அடிக்கு வருவார். பிறகு கடைசிச் சொல் மட்டும். பிறகு வெறும் "ஆமா". சாவு நெருங்கும்போது அதுவும் நின்று, உடுக்கை மட்டும் பதில் சொல்லும். அப்போது அவர் கண் அண்ணாவி மேல் இருக்காது, எதிரே நிற்கிற சாமியாடியின் கால் மேல் இருக்கும். கேமராக்காரர் அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தைக் காட்டப் போவார். காது அங்கேயே இருக்கட்டும்.

இந்தப் பதிலை வேறிடத்திலும் கேட்கலாம். அமெரிக்க ப்ளூஸ் மேதை பி.பி. கிங் பாடும்போது கிடார் வாசிக்க மாட்டார். ஒரு வரி பாடுவார், அதற்குக் கிடார் பதில் சொல்லும். 1964-இல் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான கச்சேரியைக் கேளுங்கள். அவருக்குக் கிடார் செய்வதை இங்கே உடுக்கை செய்கிறது. சும்மா ஒப்பிடவில்லை, கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

சுப்பு ஆறுமுகம் வில்லைக் கொடையிலிருந்து சபைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனவர். 2021-இல் பத்மஸ்ரீ. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் மேடையில் "ஆமா" சிரிப்புக்கு, கொடையில் "ஆமா" சாமிக்கு. ஒன்றைக் கேட்டுவிட்டு இன்னொன்று தெரியும் என்று சொல்லாதீர்கள். வில்லுப்பாட்டுக்குக் கீபோர்டு சேர்த்து, எக்கோ போட்டு, இரண்டு நிமிஷமாக நறுக்கி இணையத்தில் விடுகிறார்களே, அதில் பதிலுக்கு இடமே கிடையாது. "அழிந்துவரும் கலை" என்று வருஷம் தவறாமல் எழுதுகிற நிருபர்களில் எத்தனை பேர் நள்ளிரவுச் சாமக்கொடை வரை உட்கார்ந்திருக்கிறார்கள்?

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: எனக்கு வயசாளிகள் பாடுவதுதான் பிடிக்கும். 2018-இல் மறைந்த குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் முதுமையில் பாடிய பதிவுகளைத் தேடிப் பாருங்கள். குரல் தேய்ந்தவர்கள் அடியைச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள், மிச்சத்தைக் குழு தாங்கும். அப்போது பதில் இன்னும் துலக்கமாகக் கேட்கும்.

முதல் தடவை முழு இரவு வேண்டாம். சாமக்கொடைப் பகுதியை மட்டும் ஹெட்போன் மாட்டி, நறுக்காத பதிவில் கேளுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக வேஷத்தைப் படம் எடுக்கப் போகலாம்.