எந்த நாணய நூலை வாங்கலாம்?

ஆசிரியர்களே, சங்க காலக் காசுகள் பற்றி நூலகத்துக்கு ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும்னா, பளபளப்பான படத்தொகுப்பைத் தள்ளி வையுங்கள். வால்டர் எலியட்டின் 1886 நூல் தென்னிந்திய நாணய ஆய்வுக்கு முன்னோடிதான். ஆனால் தமிழ்ப் பிராமியில் 'பெருவழுதி' என்று பெயர் பொறித்த பாண்டியர் காசு அதில் கிடைக்காது. அது வாசிக்கப்பட்டதே ஏறக்குறைய நூறாண்டு கழித்து.

ஆர். கிருஷ்ணமூர்த்தி எழுதிய 1997 ஆங்கில நூலை எடுங்க. காசின் படத்தோடு வாசிப்பும் இருப்பதால், மாணவர் எழுத்தைத் தாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம். குறையும் உண்டு. பல காசுகள் அகழாய்வில் எடுத்தவை அல்ல, விற்பவரிடம் வாங்கியவை. எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்று தெரியாததால், காலத்தை எழுத்தமைதியை வைத்துத்தான் கணிக்க வேண்டியிருக்கு. மாணவர்களே, கட்டுரையில் பெருவழுதி காசைச் சான்று காட்டினால், இதையும் ஒரு வரியில் எழுதிடுங்க.