கைமாறி வந்த துண்டு: 'வெரிட்டாஸ்' நூல் குறித்து ஒரு மதிப்பீடு

2012 செப்டம்பரில் ரோமில் நடைபெற்ற காப்டிக் ஆய்வு மாநாட்டில், ஹார்வர்ட் பேராசிரியை கேரன் கிங் ஒரு சிறு பாப்பிரஸ் துண்டை அறிமுகப்படுத்தினார். இயேசு தமக்கு மனைவி உண்டு எனச் சொல்வதுபோன்ற தொடர் அதில் காணப்பட்டது. இணையம் அச்செய்தியை விரைவாய் உலகெங்கும் பரப்பிற்று. அத்துண்டின் வரலாற்றை ஆராய்ந்து ஏரியல் சபார் 2020இல் வெளியிட்ட ஆங்கில நூலே 'வெரிட்டாஸ்'. கண்ணில் படும் தகவலை எவ்வாறு சோதிப்பது என்று அறிய விரும்புவோர் இதனைப் படித்தல் நலம்.

பொய் பரவ உதவிய இணையமே அதை வெளிப்படுத்தவும் உதவிற்று. துண்டின் வரிகள் தோமாவின் நற்செய்தியிலுள்ள சொற்றொடர்களின் ஒட்டுவேலை என்பதைப் பிரான்சிஸ் வாட்சன் சில நாள்களிலேயே இணையத்தில் எடுத்துக்காட்டினார். அந்நற்செய்திக்கு இணையத்திலுள்ள சொல்லுக்குச் சொல் பதிப்பொன்றில் ஓரெழுத்து தவறுதலாய் விடுபட்டிருந்தது. அதே எழுத்து துண்டிலும் விடுபட்டிருந்ததை ஆண்ட்ரூ பெர்ன்ஹார்ட் கண்டார். 2014இல் வெளியான ஆய்வுக்கூட முடிவுகளோ பாப்பிரஸ் பழமையானது என்றன. ஆயின் பழைய ஏட்டில் புதிய கை எழுதக்கூடும் அன்றோ?

இவர்கள் எழுத்தைச் சோதித்தனர். சபாரோ, 'இது யார் கையிலிருந்து வந்தது?' என்று கேட்டார். உரிமையாளரின் பின்னணியை ஆராய்ந்து அவர் 2016இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே, சான்றுகள் போலி என்பதையே சுட்டுகின்றன எனப் பேராசிரியை ஒப்புக்கொண்டார். முதலில் கேட்கவேண்டிய வினா இறுதியில் கேட்கப்பட்டதே இந்நூல் கூறும் துயரம். எனினும், பேராசிரியையின் உள்நோக்கங்களை விளக்கப் புகும் பகுதிகளில் ஆசிரியர் சான்றைக் கடந்து ஊகத்திற்குள் செல்கிறார். இது நூலின் குறை.

அத்துண்டு போலி என்று தெளிவானபோது நம்மில் பலர் மகிழ்ந்தோம். ஆனால் செங்கடலின் அடியில் பார்வோனின் இரதச் சக்கரங்கள் கிடைத்தன என்று கைபேசியில் வரும் படத்தை, அகழ்வாய்வு அறிக்கை எதுவுமின்றியே நம்மவர் சிலர் அருளுரைகளில் சான்றாக்குகின்றனர். நமக்கு ஒவ்வாததைச் சோதித்து, உவப்பானதைச் சோதியாது ஏற்பது விசுவாசமாகாது, அது விருப்பமே. பெரோயா பட்டணத்தார் பவுலின் போதனையையே வேதத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அதற்காகப் புகழவும் பட்டனர். நம் பிரசங்க பீடத்திற்கும் அந்த அளவுகோல் பொருந்தும்.